இரண்டு பேருக்கும் தூக்கிய கை

நவம்பர் 12, வியாழன்

காலையிலிருந்து தூறல். நீலகிரிப் பக்கம் மலையே தெரியவில்லை, ஒரே மேகம். எங்கள் மாவு மில்லில் நல்ல கூட்டம். தீபாவளிக்கு முறுக்கு சுட்டே காரமடை முழுக்க மாவு டப்பா காலி போல.

மெத்தைக் கடை ஜமால் பாய் குடையை மடக்காமலே உள்ளே நுழைந்தார். இருபது வருடமாக எங்கள் பூத்தில் என்னோடு கட்சி ஏஜென்டாக உட்காருகிறவர். மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது காதில் விழவில்லை. நிறுத்தினேன்.

"தங்கச்சி, லிஸ்ட் வந்துருச்சு. நம்ம வார்டு இந்தத் தடவை லேடீஸுக்கு!"

கை கால் ஓடவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டு, மிளகாய் அரைத்த மெஷினிலேயே யாருடைய சத்துமாவுத் தானியத்தையோ கொட்டிவிட்டேன். குழந்தைக்கு என்று பக்குவமாக வறுத்துக் கொண்டுவந்தது. அந்தப் பெண் என்னை நாலு வார்த்தை கேட்க வேண்டாமா? "பரவால்லீங்க்கா, அதனால என்னங்க," என்று சிரித்துக்கொண்டே சிவப்பு மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். (மறக்காமல் நாளை அவளுக்கு வேறு அரைத்துக் கொடுக்க.)

பாய் கிளம்பவில்லை. இன்னொரு சேதி வைத்திருந்தார். தலைமை உத்தரவாம். கவுன்சிலர் வேட்பாளரை இந்த முறை மாவட்டம் முடிவு பண்ணாது. அந்தந்த வார்டில் வேலை செய்கிற தொண்டர்களே கூடி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளி மாவட்டத்துப் பார்வையாளர் ஒருவர் வந்து முன்னால் உட்காருவார். எங்கள் வார்டுக்கு ஞாயிற்றுக்கிழமை.

நம்பவே முடியவில்லை. இந்தக் கட்சியில் இத்தனை வருடத்தில் எங்களைக் கேட்டதெல்லாம் கொடி கட்ட வருவியா, போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கா, கூட்டத்துக்கு வேன் சொல்லியாச்சா. யாரை நிறுத்தலாம் என்று ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆள் தேர்வெல்லாம் பெண் பார்க்கிற மாதிரிதான். எந்த வகையறா, எவ்வளவு வசதி, மாவட்டத்துக்கு என்ன உறவு. வேலை தெரியுமா என்பது கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்வது.

நிற்கப் போகிறேன். எழுதிவிட்டேன். இனி மாற்றக் கூடாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "சீட்டு கெடச்சா மில்லை நான் பாத்துக்கறேன். கெடைக்காட்டியும் நாந்தான் பாத்துக்கோணும் போல," என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 13, வெள்ளி

மழை இல்லை. வெயிலும் இல்லை. சத்துமாவு கொடுத்தாயிற்று.

ரங்கசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். எங்கள் வார்டு செயலாளர். கறிவேப்பிலைத் தோட்டம், இரண்டு லாரி, மடிப்புக் கலையாத வேட்டி. இந்த முறை அவர்தான் நிற்பார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. பெண்கள் வார்டு ஆகிவிட்டதே, இனி என்ன செய்வார் என்பது பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். மனைவி சுமதியை நிறுத்துவார்.

வழியெல்லாம் ஒத்திகை. "அண்ணா, நான் நிக்கலாம்னு இருக்கேன்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அங்கே உட்கார்ந்து பேசியது என்னவோ மழை, கறிவேப்பிலைக்கு வந்த பூச்சி, அவர் மகள் படிப்பு, என் வீட்டுக்காரர் முட்டிவலி. காப்பி வந்தது. மைசூர்பாகு வந்தது. எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் வாயைத் திறந்தேன். எங்கள் பக்கத்தில் முக்கியமான பேச்செல்லாம் செருப்பு மாட்டும்போதுதான் நடக்கும்.

"அண்ணா, நானும் ஒரு யோசனைல இருக்கேனுங்க."

"தெரியாதா அம்மணி! நிக்கோணும். உன்னையாட்ட ஒழைச்சவீங்க யாரு இருக்கறாங்க? சரசுக்கு இல்லாததா?"

சந்தோஷம் தாங்கவில்லை. கேட் வரைக்கும்தான். அங்கே வந்து நின்று சொல்கிறார்:

"சுமதியும் ஒரு ஆசைப்படறா. அதையும் நாம ஒண்ணும் சொல்ல முடியாது பாரு."

சுமதி ஆசைப்படுகிறாளாம்! நான் உள்ளே இருந்த நேரமெல்லாம் சமையல்கட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதும் அப்படித்தான். அந்த வீட்டில் எத்தனை கட்சிக் கூட்டம் நடந்திருக்கிறது. காப்பித் தட்டோடு வருவாள், காலித் தட்டோடு போவாள். நாளைக்கு நகராட்சியிலும் அதே கதை. நாற்காலியில் அவள், பின்னால் இவர். கையெழுத்து அவளது, பேச்சு இவரது. நினைத்தாலே எரிச்சல்.

மைசூர்பாகு நன்றாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நவம்பர் 14, சனி

மில்லை அவரிடம் விட்டுவிட்டு நாள் முழுக்க நடை. வார்டில் கட்சி வேலை பார்க்கிற ஆட்கள் வீடு ஒவ்வொன்றாக. குதிகால் வலி. வலிக்கட்டும்.

டெய்லர் முருகேசன்: "உங்களுக்கில்லாம வேற யாருக்குங்க்கா!"

பால் சொசைட்டிக்காரர்: "இதெல்லாம் வந்து கேக்கோணுமுங்களா? நீங்க போய் ஆக வேண்டியதைப் பாருங்க."

பூக்கார லட்சுமி: "என்ற கை உனக்குத்தான் கண்ணு."

லட்சுமி வீட்டு முன்னால் சாக்கடை அடைத்து நாறுகிறது. எத்தனை நாளாக என்றேன். ரொம்ப நாளாகவாம். என்னிடம் சொல்ல வாய் இல்லையா, தினம் மில்லைத் தாண்டித்தானே பூக்கூடையோடு போகிறாய் என்று சத்தம் போட்டேன். அதற்கும் சிரித்தாள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஜமால் பாய் மட்டும், "ஆண்டவன் இருக்கான், பாத்துக்கலாம் தங்கச்சி," என்றார். நமக்குள் எதற்கு என்று விட்டிருப்பார்.

ஒரு வீடு பாக்கி இல்லை. ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. எல்லோரும் சரி என்கிறார்கள். எல்லோரும்! இத்தனை பேர் மனதில் எனக்கு இவ்வளவு இடமா? ஆட்டோவில் வராமல் கோயில் வீதி வழியாக நடந்தே வந்தேன். ரங்கநாதர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு.

இரவுச் சாப்பாட்டில் வீட்டுக்காரர்: "ரங்கசாமியும் நேத்து சாயங்காலம் இதே ஊடுகளுக்கெல்லாம் போயிட்டு வந்தாப்ல."

போகட்டுமே. போனால் காப்பி கொடுப்பார்கள்.

நாளை கட்ட: பச்சைப் பட்டு? வேண்டாம், கல்யாண வீடு மாதிரி இருக்கும். கைத்தறி.

நவம்பர் 15, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன கல்யாண மண்டபம். நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. மேடையில் பார்வையாளர், திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தேடுகிறவர். நானும் சுமதியும் மேடைக்குக் கீழே, ஆட்களைப் பார்த்தபடி உட்கார வைக்கப்பட்டோம். முன்வரிசையில் ரங்கசாமி அண்ணன்.

பார்வையாளர் சொன்னார்: "பேரு சொல்லுவேன். வேணுங்கறவங்க கையத் தூக்கணும். ஆளுக்கு ஒரு ஓட்டுதான். சரியா?"

சரிங்க என்று மண்டபமே சொன்னது.

"திருமதி சுமதி ரங்கசாமி."

எல்லாக் கையும் மேலே. டெய்லர் கை, பால் சொசைட்டிக் கை, லட்சுமியின் கண்ணாடி வளையல் கை. நேற்று என் கையைப் பிடித்துச் சொன்ன வாய்கள். பார்வையாளர் எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, "சரி, மொத்தமும்தான்," என்றார்.

"அடுத்து, திருமதி சரஸ்வதி."

மறுபடி எல்லாக் கையும் மேலே! அதே கைகள். ரங்கசாமி அண்ணன் கை எல்லோருக்கும் முன்னால் மேலே. பக்கத்தில் பார்த்தேன், சுமதியின் கையும் மேலே.

பார்வையாளர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "என்ன இது? எல்லாரும் ரெண்டு பேருக்கும் தூக்குதியளே? ஆளுக்கு ஒண்ணுன்னுதான சொன்னேன்?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "ரெண்டு பேரும் நல்லவீங்கதானுங்களே."

இன்னொன்று: "ஒருத்தருக்குத் தூக்கி ஒருத்தருக்குத் தூக்காட்டி நல்லா இருக்குமுங்களா? ரெண்டு பேரும் எதுத்தாப்ல உக்காந்திருக்கறாங்க."

"வேட்பாளரே எதிராளிக்குக் கையத் தூக்குனா நான் என்னன்னு எழுத?" என்றார் பார்வையாளர் என்னைப் பார்த்து.

அப்போதுதான் உறைத்தது. சுமதி பெயர் சொன்னபோது என் கையும் மேலேதான் இருந்தது! எப்போது தூக்கினேன்? சத்தியமாகத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் பெயரைச் சொன்னால் கை தானாகப் போகிறது. என் சீட்டுக்கு நானே வேட்டு.

மனிதர் விடவில்லை. எங்கள் இரண்டு பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி பெயர் சொன்னார். இப்போது யாருக்குமே கை இல்லை. சுமதிக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முதுகுக்குப் பின்னால் செய்வது கோள் சொல்கிற மாதிரி ஆகிவிடுமாம். பால் சொசைட்டிக்காரர் விளக்கம்.

அப்புறம் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சந்தோஷமாகச் சாப்பிட்டோம். பார்வையாளருக்கு மட்டும் பாயசம் இறங்கவில்லை.

போகும்போது கறாராகச் சொன்னார். அடுத்த ஞாயிறு வருவார். அதற்குள் ஒரு வழி பண்ணி வைக்க வேண்டும். அன்றைக்கும் முடிவாகவில்லை என்றால் மாவட்டமே பெயர் எழுதிக்கொள்ளும். மாவட்டம் என்றால் ரங்கசாமி அண்ணன் ஒரு குரல் கொடுத்தால் போதும், அவர் சொல்கிற பெயரைத்தான் எழுதும்.

ஒரு வாரம். அவ்வளவுதான் எனக்கு.

நவம்பர் 16, திங்கள்

மில்லில் யாரோடும் பேசவில்லை. எல்லோர் மேலும் கோபம். என் கை மேல் அதைவிட.

மத்தியானம் ஜமால் பாய். முறைத்தேன்.

"நீங்களும் ரெண்டு தடவை தூக்கினீங்க பாய். நான் பாத்தேன்."

"தூக்கினேன் தங்கச்சி. ரங்கசாமி முன்னால இருந்து திரும்பி என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறாரு. என்ற மக கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்து பந்தல்ல நின்னவரு. எப்படி இல்லைன்னு சொல்றது?"

"என்கிட்டயாவது நேரா சொல்லுங்க. உங்க ஓட்டு யாருக்கு?"

பாய் தொப்பியைச் சரிசெய்தார். மெஷினைப் பார்த்தார். "பெல்ட்டு சத்தம் வேற மாதிரி வருதே, மாத்தியாச்சா?" என்றார்.

பார்த்தாயா! கேட்டால் பதில் வராது. இந்த ஊரில் யாரும் யாரையும் பார்த்து இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ரகசியமாக ஓட்டுப்பெட்டி வைத்தால்தான் உண்டு. பாயிடம் சொன்னேன். அவரும் அதையேதான் நினைத்தாராம். ஆனால் ரங்கசாமி அண்ணன் ஒத்துக்கொள்ள வேண்டுமே. நமக்குள்ளே எதற்குப் பெட்டி, ஒருத்தரை ஒருத்தர் நம்பவில்லையா என்பார். அதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

நான் சொல்ல வேண்டும். சொல்லுவேனா?

நவம்பர் 18, புதன்

நல்ல மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. மில்லில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து சுமதி வந்தாள். மல்லி அரைக்கவாம். அவர்கள் வீட்டு மல்லி எப்போதும் வேலையாள்தான் கொண்டுவருவார்.

மல்லியைக் கொட்டினேன். அரைத்தேன். ஆறவைத்தேன். அவள் போகவில்லை. செருப்பு மாட்டுகிற நேரத்துக்குக் காத்திருந்தேன்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு எம்மேல கோவமுங்களா?"

"சேச்சே. அதெல்லாம் என்னங்க."

"அவரு சொல்லி நான் நிக்கலீங்க. எனக்கே ஆசைங்க."

சுமதியை இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அவர் வீட்டுக்காரி என்று பார்த்திருக்கிறேன். மல்லிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கல்யாணப் பேச்சு எடுத்த பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சொல்கிறாள்.

"கை தூக்கினாங்களே அக்கா, அது எனக்கா, அவருக்கா? எனக்குத் தெரியோணும். மாவட்டம் பேரு எழுதினா எனக்குச் சீட்டு கெடச்சுரும். ஆனா அது அவரு சீட்டுத்தானுங்க. பெட்டி வெச்சுப்போடலாமுங்க்கா."

நான் கேட்க வேண்டியதை அவள் கேட்கிறாள்! எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. அடுத்த நிமிடமே பயம். இதுவரை என் போட்டி ரங்கசாமி அண்ணனோடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேசாத பெண்ணை நிறுத்துகிறார்கள் என்றால் ஜெயிப்பது சுலபம். இவளோடு என்றால்?

சுலபமில்லை. ஆனால் இதுதான் போட்டி. ராத்திரி தூக்கம் வரப்போவதில்லை.

நவம்பர் 19, வியாழன்

இரண்டு பேருமாகப் போய் ரங்கசாமி அண்ணன் முன்னால் நின்றோம். நினைத்த மாதிரியே:

"நமக்குள்ள என்ன அம்மணி பெட்டி? ஊர்ல கேட்டாச் சிரிக்க மாட்டாங்களா?"

எனக்கு "அதுக்கில்லீங்கண்ணா" என்பது வரைக்கும்தான் வந்தது. 

சுமதி: "போன ஞாயித்துக்கெழமையே சிரிச்சாச்சுங்க. அந்தத் திருநெல்வேலிக்காரரு ஊருக்குப் போய்ச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. பெட்டியே வெச்சுருவமுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பொம்பளைகள் சேர்ந்து வந்து நிற்பார்கள் என்று அவர் கணக்கில் இல்லை. "உங்க இஷ்டம்," என்று துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு விசில் அடிக்க வேண்டும் போல இருந்தது.

திண்டாட்டம் ஒன்று: சீட்டில் பெயர் எழுதச் சொன்னால் கையெழுத்து தெரிந்துவிடும். வார்டில் யார் எழுத்து எது என்று எல்லோருக்கும் அத்துப்படி. மார்க் போடச் சொன்னாலும் யாருடைய பேனா என்று பார்ப்பார்கள். மில்லுக்குத் திரும்பியதும் எதிரிலேயே இருந்தது வழி. மக்காச்சோளம். கொண்டைக்கடலை. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று கையில். சோளம் நான், கடலை சுமதி. திரைக்குப் பின்னால் போய் வேண்டியதை ஒரு ஜாடியில், வேண்டாததை இன்னொரு ஜாடியில்.

என்னை நானே மெச்சிக்கொண்டேன். வேறு யார் மெச்சுவார்கள்.

நவம்பர் 21, சனி

வேலைக்கு மேல் வேலை. பார்வையாளருக்கு போனில் சொன்னோம். "தானியமா?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் சிரித்துவிட்டு, "எப்படியோ முடிவு வந்தாச் சரி," என்றார்.

சுமதி வீட்டிலிருந்து பீங்கான் ஊறுகாய் ஜாடி இரண்டு. கழுவியும் மாங்காய் வாசனை போகவில்லை. போட்டுப் பார்த்தோம். கடலை விழுந்தால் டக், சோளம் விழுந்தால் டிக். வெளியே நிற்கிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்களே! ஜமால் பாய் கடையிலிருந்து இலவம் பஞ்சு கொண்டுவந்து இரண்டு ஜாடியிலும் அடியில் வைத்தார். இப்போது சத்தமே இல்லை. திரைக்கும் அவர் கடை மெத்தைத் துணிதான். பூப்போட்டது.

ஒரு கட்சி வேலை இவ்வளவு உற்சாகமாக நடந்து நான் பார்த்ததில்லை. டெய்லர் திரை தைக்கிறார். பால் சொசைட்டிக்காரர் சோளத்தில் சொத்தை பொறுக்குகிறார். எல்லோர் முகத்திலும் தீபாவளி நோம்பிக் களை. ஒருத்தரும் யாருக்கு என்று பேசவில்லை. பேச வேண்டியதில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய நிம்மதி போல.

நாளைக்கு ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டுமாம். கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தேன். வீட்டுக்காரர், "நல்லாருக்கு. பாதியாக் கொறை," என்றார். எதைக் குறைப்பது? எல்லாமே நடந்தது.

நவம்பர் 22, ஞாயிறு

முடிந்தது. எழுத்து கோணலாக வருகிறது.

முதலில் நான் பேசினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததிலிருந்து ஆரம்பித்து, மழையில் பூத் சிலிப் கொடுத்தது, தோற்ற தேர்தலில் கடைசி வரை எண்ணும் இடத்தில் நின்றது. குறைக்கவில்லை. கைதட்டினார்கள். நன்றாகவே தட்டினார்கள்.

அப்புறம் சுமதி. மைக்கைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"எனக்கு மைக்குல பேசிப் பழக்கமில்லீங்க. எங்க ஊட்டுல மீட்டிங் முடிஞ்சா, நீங்கெல்லாம் முன்வாசல்ல அவருகிட்ட 'ஆகட்டுங்க'ன்னு சொல்லிப்போட்டு, டம்ளர் வெக்கற சாக்குல பின்வாசலுக்கு வருவீங்க. 'இது நடக்காதுங்க அம்மணி, நீங்க அவருகிட்டச் சொல்லிப்போடுங்க'ன்னு என்கிட்டச் சொல்லுவீங்க. நானும் சொல்லுவேன். பாதி கேப்பாரு, பாதி கேக்க மாட்டாரு. இனி நடுவுல ஒரு ஆளு வேண்டாமுங்க. என்கிட்டச் சொன்னா நானே செய்யறேன். ஆகாததை ஆகாதுன்னு சொல்லிப்போடறேன்."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. ரங்கசாமி அண்ணன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. என் மில்லுக்குப் பின்வாசல் கிடையாது. முன்வாசலில் நான் நிற்கிறேன், சத்தமாக. லட்சுமி சாக்கடையைப் பற்றி யாரிடம் சொல்லியிருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

திரைக்குப் பின்னால் என் முறை. உள்ளங்கையில் ஒரு சோளம், ஒரு கடலை. பூப்போட்ட துணி, மாங்காய் வாசனை, யாரும் இல்லை. யாருமே பார்க்காத இடத்தில்கூட ஒரு கணம் கை கடலைப் பக்கம் போயிற்று. மரியாதைக்காக! என்னையே ஓர் அதட்டு அதட்டினேன். சோளத்தைப் போட்டேன். வெட்கமாக இருந்தது. உடனே அப்படி ஒரு சந்தோஷம். இருபது வருடத்தில் எனக்கென்று நான் செய்த முதல் காரியம்.

வேண்டியதைப் போட்ட ஜாடியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தார்கள். பார்வையாளரே பிரித்தார். பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தார். மஞ்சள் ஒரு பக்கம், பழுப்பு ஒரு பக்கம். வெகுநேரம் இரண்டும் சமமாகவே ஏறி வந்தன. கடைசியில் பழுப்புக் குவியல் கொஞ்சம் பெரிது. ஒரு கைக்குள் அடங்குகிற வித்தியாசம்.

சுமதி.

அண்ணனின் ஆட்கள் மாலையோடு பாய்ந்து வந்து, வழக்கப்படி, ரங்கசாமி அண்ணன் கழுத்தில் போட்டார்கள். அவரும் வழக்கப்படி கும்பிட்டார். சுமதி எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க, அது எனக்குங்க."

அவர் மாலையைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது, எப்படிப் போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவளே வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முதலில் கைதட்டியது நான்தான். உள்ளங்கை சிவக்கத் தட்டினேன். அந்த நேரத்தில் தோற்றது ஞாபகமே இல்லை.

மில்லுக்கு வந்ததும் ஞாபகம் வந்தது. வெறும் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். கல் தேயும், தெரியும். தேயட்டும். எல்லோரும் சரி என்றார்களே, எல்லோரும்! இத்தனை வருடமும் சரிங்க, ஆகட்டுங்க என்றே கேட்டுக் கேட்டு அதுதான் பதில் என்று இருந்துவிட்டேன். இன்றைக்குத்தான் இந்த வார்டு எனக்கு உண்மையான பதில் சொல்லியிருக்கிறது. இல்லை என்று.

வலிக்கிறது. ஆனால் கேட்டார்களே. எங்களைக் கேட்டார்கள், நாங்கள் சொன்னோம், சொன்னது நடந்தது. மாவட்டம் சுமதி பெயரை எழுதியிருந்தால் இந்நேரம் கட்சியை விட்டே போயிருப்பேன். இப்போது போகத் தோன்றவில்லை. போகவும் முடியாது, அதில் என் சோளமும் இருக்கிறது.

வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு டீ வாங்கி வந்தார்.

நவம்பர் 23, திங்கள்

பளிச்சென்று வெயில். மலை முழுசாகத் தெரிகிறது.

மில் திறக்கும்போதே சுமதி வாசலில். தனியாக. பிரச்சாரத்துக்கு இன்றைக்கே கிளம்ப வேண்டுமாம். அண்ணன் எங்கே என்றேன். "லாரிக்கு லோடு ஏத்தறாரு. மத்தியானமா வாரேன்னாரு." சொல்லும்போது சிரிப்பு அவளுக்கு.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நேத்து எனக்குத்தான போட்டீங்க?"

"பின்ன, உங்களுக்குத்தானுங்க" என்பது பல் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். பெரிய மருந்து மாத்திரை மாதிரி இறங்கியது. அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"இல்லீங்க சுமதி. எனக்கு நானே போட்டுக்கிட்டேன்."

வானம் இடிந்து விழவில்லை. அவள் சுற்றியிருந்த தலைப்பை விட்டாள்.

"நேத்திருந்து பார்க்கறவீங்க எல்லாருமே எனக்குத்தான் போட்டேன்னு சொல்றாங்க்கா. அப்படின்னா ஜாடில இருந்த சோளமெல்லாம் எங்கிருந்து வந்துது? உங்க ஒருத்தரைத்தான் நம்பலாம். பூத்து பொறுப்பு நீங்க எடுத்துக்கோங்க."

மில்லை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன்.